நெம்மேலி வீட்டில் யார் தங்கினார்கள்

சகுந்தலா சங்கரா மீனைக் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது கூடத்தில் ஒரு புதுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கணவர் பன்னீர்செல்வத்துக்கு எதிரே ஒருவன் உட்கார்ந்து, கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். பெயர் தீனதயாளன் என்றார் கணவர். மாமல்லபுரத்தைச் சுற்றியிருக்கும் கடலோர வீடுகளை எடுத்து, சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது அவன் தொழில்.

பன்னீர்செல்வம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். ஓய்வு பெற்று, நிலையத்தின் குடியிருப்பைக் காலி செய்யும்போது போய் உட்கார ஒரு இடம் வேண்டுமே என்று, மாமல்லபுரம் தாண்டி நெம்மேலியில் சகுந்தலா பேரில் ஒரு வீடு கட்டியிருந்தார். மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்குப் போகும் ஜான்சனும், அவன் மனைவி அன்பரசியும், இரண்டு பிள்ளைகளுமாக ஆறு வருடமாக அந்த வீட்டில் குடியிருந்தார்கள். வாடகை ஒரு மாதமும் தவறியதில்லை. கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், முருங்கை மரத்தை வெட்டிவிட வேண்டாம் என்று.

"ஆறு வருசமா ஒரே வாடகைக்கு வுட்டுகினு கீறீங்களே சார், எவனாவது கேட்டா சிரிப்பான்," என்றான் தீனதயாளன். "ரெண்டு சனி ஞாயிறு போதும். அவங்க மாசம் பூரா குடுக்கிறத நான் அதுலயே எடுத்துக் காட்றேன். நீங்க அந்தப் பக்கம் வரவே வேணாம். சாவிய மட்டும் குடுத்துடுங்க."

அவன் போன பிறகு கணவனும் மனைவியும் அதையேதான் பேசினார்கள். சாப்பிடும்போது பேசினார்கள், பாத்திரம் துலக்கும்போது பேசினார்கள். குடியிருப்பவர்கள் இருந்தால் வீடு வீடாக இருக்கும், விளக்கெரியும், தெரிந்த மனிதர்கள் என்றாள் சகுந்தலா. மகள் சங்கரியின் கல்யாணத்தை நினைத்துப் பார் என்றார் பன்னீர்செல்வம். சங்கரி சிறுசேரியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கடைசியில் அந்தக் கல்யாணம்தான் ஜெயித்தது. சகுந்தலாவும் ஆசைப்படவில்லை என்று சொல்ல முடியாது. படங்களில் பார்த்த வெள்ளைத் திரைச்சீலையும் மூங்கில் விளக்கும் அவள் மனதில் ஏற்கெனவே அந்த வீட்டுக்குள் தொங்க ஆரம்பித்துவிட்டன.

அடுத்த வாரம் இருவரும் நெம்மேலிக்குப் போனார்கள். வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டார்கள். நாங்களே குடிவரப் போகிறோம், காலி செய்து கொடுங்கள் என்பது அந்தப் பொய். ஜான்சன் நின்றபடியே கேட்டுக்கொண்டான்.

"இன்னா சார், திடீர்னு சொல்றீங்க. புள்ளைங்களுக்கு ஸ்கூல் நடந்துகினு கீது. முழுப் பரீச்சை முடியட்டும், நாங்களே வேற வூடு பாத்துகினு போயிடறோம்."

சகுந்தலாவுக்கு வாய் வரை சரி என்று வந்தது. ஆனால் புது வருடத்துக்கு வீடு கைக்கு வந்தாக வேண்டும், அதுதான் சீசன் என்று தீனதயாளன் சொல்லியிருந்தான். பன்னீர்செல்வம் முடியாது என்று தலையாட்டினார். அன்பரசி உள்ளே போய் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். அரையாண்டு விடுமுறையில் அவர்கள் திருப்போரூருக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றும்போது போய்ப் பார்க்கச் சகுந்தலாவுக்கு மனம் வரவில்லை.

தீனதயாளன் சொன்னபடி ஒரே வாரத்தில் செய்தான். வர்ணம் அடித்தான், இணைய இணைப்பு கொடுத்தான், வாசல் கதவுக்கு எண் அழுத்தித் திறக்கும் பூட்டு மாட்டினான், புது மெத்தை போட்டான். முருங்கை இருந்த இடத்தில் ஊஞ்சல் வந்தது. வந்து தங்கியவர்கள் இணையத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகப் போட்டார்கள். சகுந்தலா அதையெல்லாம் அடுத்த வீட்டுக்காரிகளுக்குப் படித்துக் காட்டினாள். பொங்கல் விடுமுறையில் ஒரு முன்பதிவு ரத்தாகி வீடு சும்மா கிடந்தபோது, சங்கரி தன் அலுவலகத் தோழிகள் இரண்டு பேரோடு அங்கே தங்கிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். தாராளமாகப் போ என்றாள் சகுந்தலா. ஹோட்டல் கீட்டல் என்று எங்கேயோ போய்த் தங்குவதைவிட நம் வீடு பத்திரம் அல்லவா.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. சகுந்தலா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண்ணின் குரல், மூச்சு வாங்கியபடி, நெம்மேலி வீட்டின் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று கேட்டது. பக்கத்து மளிகைக் கடையில் எண் வாங்கியதாகச் சொன்னது. உடனே வாருங்கள், நீங்கள் வராமல் இந்த வீட்டை விட்டு நான் நகர மாட்டேன் என்றது. என்ன விஷயம் என்று கேட்பதற்குள் இணைப்பைத் துண்டித்தது. அழுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை.

பன்னீர்செல்வம் தீனதயாளனுக்குச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். தண்ணீர் வரவில்லை போலிருக்கிறது, இல்லையென்றால் கரண்ட் போயிருக்கும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். இவர்கள் போய்ச் சேரும்போது தீனதயாளனின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது.

கூடத்தில் ஒரு இளம் தம்பதி. பெண்ணின் பெயர் ஷபானா. வாணியம்பாடிக்காரி. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, கையில் மருதாணிச் சிவப்பு முழுக்கப் போகவில்லை. கணவன் சன்னலோரம் முதுகு காட்டி நின்றான். மேசைமேல் ஒரு வெள்ளைச் சார்ஜர் கிடந்தது. கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றுவதற்குச் சுவரில் செருகுவோமே, அது.

"போன்ல சார்ஜ் இல்லைன்னு இதுல போட்டேன் ஆன்ட்டி. ஏறல," என்றாள் ஷபானா. குரல் நடுங்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டவள் போலப் பேசினாள். "தொட்டுப் பாத்தா சூடா இருந்துச்சு. கழட்டிப் பாத்தேன். நீங்களும் பாருங்க."

சகுந்தலா கையில் எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. வெளிச்சத்தில் திருப்பியபோது அதற்குள் கண்ணாடித் துண்டு ஒன்று மினுக்கென்றது. அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு மெமரி கார்டு சொருகியிருந்தது. கேமரா.

அவளுக்கு முதலில் எதுவுமே புரியவில்லை. புரிந்ததும் அந்தப் பொருளை மேசைமேல் போட்டுவிட்டாள். எங்கே இருந்தது என்று கேட்டாள். படுக்கையறையில், கட்டிலுக்கு நேர் எதிரே என்றாள் ஷபானா. நாங்கள் இங்கே வந்து மூன்றாவது நாள் என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

"வீடு உங்களோடதுதானே ஆன்ட்டி? உங்களுக்குத் தெரியாதா?"

அந்தப் பார்வையைத்தான் சகுந்தலாவால் தாங்க முடியவில்லை. திருடியைப் பார்க்கும் பார்வை அது. ஐம்பத்திரண்டு வயதில் அவளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றாள். சொல்லும்போதே அந்த வார்த்தை எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

தீனதயாளன்தான் முதலில் சுதாரித்தான். தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வந்து தங்கிய எவனோ ஒருத்தன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அடித்துச் சொன்னான். பிறகு பன்னீர்செல்வத்தைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனான். சகுந்தலாவும் பின்னாலேயே போனாள்.

"பெருசு பண்ணாதீங்க சார். அவங்க குடுத்த டப்ப திருப்பிக் குடுத்து அனுப்பிடலாம். போலீஸுக்குப் போனா வூட்டுக்குப் பூட்டு போட்டுடுவான், அப்புறம் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். பேஜாரு. இத்த கடல்ல வீசிட்டா முடிஞ்சுது."

பன்னீர்செல்வத்தின் முகம் சாம்பல் பூத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான் வேலை பாக்கி, இந்த நேரத்தில் வழக்கு, காவல் நிலையம், பேப்பரில் பெயர் என்று வந்தால் என்ன ஆவது என்று முணுமுணுத்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரம் வேறு. ஷபானாவின் கணவனும் அதையேதான் விரும்பினான். வீட்டில் தெரிந்தால் குடும்பமே கூனிக் குறுகிவிடும், விட்டுவிடலாம் என்று அவளிடம் தணிந்த குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தான். ஆக, அந்த வீட்டில் இருந்த அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள், ஷபானாவைத் தவிர. சகுந்தலாவும் அதற்கு ஒத்துக்கொண்டாள் என்பதுதான் உண்மை. பாவம் அந்தப் பெண், அவள் நல்லதற்கும்தானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். தீனதயாளன் மேசைமேலிருந்ததை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

அப்போதுதான் சகுந்தலாவுக்குப் பொங்கல் நினைவு வந்தது.

ஊஞ்சல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளை அழைத்தாள். சங்கரி எடுத்ததும், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்து, நெம்மேலி வீட்டில் நீ தங்கியபோது படுக்கையறையில் சார்ஜர் ஏதாவது இருந்ததா என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கட்டிலுக்கு எதிர்ல. வெள்ளையா இருக்குமே. என் போனைப் போட்டேன், ஏறவே இல்ல. தீனதயாளன் அண்ணன்கிட்ட சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேன். ஏன்மா?"

ஏன்மா, ஏன்மா என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் சொல்கிறேன் என்று வைத்தாள். வைத்த கையோடு வாசலுக்கு ஓடினாள். தீனதயாளன் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தான். அவள் வண்டிச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள்.

"அதை என் கையில குடுங்க தம்பி."

"இன்னா யக்கா, இப்பத்தானே பேசி முடிச்சோம்."

"குடுங்க. வீடு என் பேர்ல இருக்கு. புகாரும் நான்தான் குடுக்கப்போறேன்."

அவன் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டான். ஆனால் அவள் முகத்தில் எதைக் கண்டானோ, எடுத்துக் கொடுத்துவிட்டான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள் சகுந்தலா. கணவரிடம் விஷயத்தைச் சொன்னாள். பன்னீர்செல்வம் நாற்காலியில் உட்கார்ந்தவர்தான், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. சங்கரியா, நம்ம சங்கரியா என்று மட்டும் கேட்டார்.

ஷபானாவின் அருகில் போய், "என் பொண்ணும் இந்த ரூம்ல தூங்கியிருக்காம்மா. வா, போலீஸுக்குப் போவோம்," என்றாள் சகுந்தலா.

ஷபானா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பொண்ணுன்னு தெரிஞ்சப்புறம்தான் போகணும்னு தோணுச்சா ஆன்ட்டி?"

சகுந்தலாவுக்கு அறை வாங்கிய மாதிரி இருந்தது. அன்றைக்கு வந்த அதிர்ச்சிகளில் இதுதான் பெரியது. கேமராவை வைத்தவன் யாரோ ஒரு அயோக்கியன். ஆனால் கால் மணி நேரத்துக்கு முன்பு, இந்தப் பெண்ணைத் தலைகுனிந்தபடி ஊருக்கு அனுப்பிவைக்கச் சம்மதித்தது அவளேதான். அவளால் ஆமாம் என்று தலையசைக்க மட்டும்தான் முடிந்தது.

காவல் நிலையத்தில் பெண் ஆய்வாளர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொறுமையாகத்தான் கேட்டார். ஷபானா சொன்னாள், சகுந்தலா சொன்னாள். ஷபானாவின் கணவன் முதலில் வாசலிலேயே நின்றான், பிறகு தானாக உள்ளே வந்து மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். புது வருடத்திலிருந்து இந்த வீட்டில் யார் யார் தங்கினார்கள் என்று கேட்டார் ஆய்வாளர். சகுந்தலா கணவரைப் பார்த்தாள். அவர், ஆய்வாளர் வரவழைத்திருந்த தீனதயாளனைப் பார்த்தார். தீனதயாளன் கைப்பேசியைத் தடவினான். சில அடையாள அட்டைகளின் படம் இருந்தது, பாதி மங்கல். பலபேரிடம் அதுவும் வாங்கவில்லை. பணம் வந்ததா, பூட்டின் எண்ணை அனுப்பு, அவ்வளவுதான்.

"உங்க கட்டில்ல படுத்த ஒருத்தர் பேர்கூட உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்று கேட்டார் ஆய்வாளர். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

தெரியாது. ஜான்சனின் சின்ன மகனுக்கு எந்தக் கடவாய்ப் பல் சொத்தை என்பதுவரை சகுந்தலாவுக்குத் தெரிந்திருந்தது. அன்பரசியின் அப்பா தன் ஊரான படாளத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். அவர்களை வெளியே அனுப்பிவிட்டு யாரை உள்ளே விட்டோம் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து, கேமரா யாருக்குப் படம் அனுப்பியது என்று தேடி ஆளைப் பிடித்தார்கள். புது வருடத்தன்று வேறொருவன் அடையாள அட்டையைக் காட்டி வந்து தங்கியவன். ஒரே ஒரு நாள்தான் இருந்தான். தீனதயாளன் விருந்தாளிகளுக்காகப் போட்ட இணைய இணைப்பிலேயே கேமராவை இணைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் நெம்மேலிப் பக்கம் வரவே இல்லை. தன் ஊரில், தன் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கல்யாணமானவன், பெண் குழந்தைக்குத் தகப்பன் என்று ஆய்வாளர் சொன்னபோது பன்னீர்செல்வம் காதைப் பொத்திக்கொண்டார். அவன் எடுத்ததையெல்லாம் கைப்பற்றிவிட்டதாகச் சொன்னார்கள். வேறு எங்கேயும் போகவில்லை என்று மட்டும் யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. விதிப்படி விவரம் வாங்காமல் வீட்டை விட்டதற்காகத் தீனதயாளன்மீதும் வழக்கு வந்தது. சகுந்தலாவும் பலமுறை போய்ப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

சங்கரியும் தோழிகளும் தாங்களாகவே வந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். சங்கரி அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஆனால் அந்த வார இறுதியில் வீட்டுக்கு வந்தவள், குளிக்கப் போகுமுன் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியைக் கத்தரித்து, குளியலறைச் சுவரில் இருந்த ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி மூடினாள். சகுந்தலா வெளியே நின்று அதைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து சங்கரி குளித்து வளர்ந்த குளியலறை அது.

நெம்மேலி வீடு பூட்டியே கிடந்தது. இனி நாள் வாடகைக்கு விடுவதில்லை என்று முடிவானதும் சகுந்தலா அன்பரசியை அழைத்தாள். நாங்களே குடிவரப் போகிறோம் என்று சொன்னது பொய் என்பதை ஒப்புக்கொண்டாள். நடந்ததையும் சொல்லி, திரும்ப வர முடியுமா என்று கேட்டாள்.

அன்பரசி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பொய்யின்னு எங்களுக்கு அப்பவே தெரியும் மேடம். பெயின்ட் அடிச்ச மறு வாரமே நெட்ல போட்டோ பாத்துட்டோம்," என்றாள். "உங்க பொண்ணுக்கு நடந்தது மனசுக்குக் கஷ்டமா கீது. ஆனா புள்ளைங்கள இங்க ஸ்கூல்ல சேத்தாச்சு. இன்னொரு வாட்டி அதுங்கள அலைய வுட மாட்டேன்."

சகுந்தலா வற்புறுத்தவில்லை. கேட்கும் உரிமையை அந்தக் காபியைக் குடித்த அன்றே இழந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சித்திரையில், பேருந்து நிலையத்தில் டீக்கடை வைத்திருந்த ஏசுபாதத்தின் குடும்பத்துக்கு அந்த வீட்டை விட்டார்கள். நேரில் பார்த்து, பேசி, யார் என்ன என்று தெரிந்துகொண்டு விட்டார்கள். பிள்ளைகள் படிப்பு முடியும்வரை காலி செய்யச் சொல்வதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதினாள் சகுந்தலா.

அந்தச் சமயத்தில் குடியிருப்பில் ஒரு வளைகாப்பு. சாப்பிட்டு முடித்துப் பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பன்னீர்செல்வத்தோடு வேலை பார்ப்பவரின் மனைவி தனகோடி பேச்சை எடுத்தாள். கோவளத்தில் அவர்களுக்கு ஒரு வீடு தயாராகிறது. நாள் வாடகைக்கு விட்டால் நல்ல வருமானமாமே, உங்கள் நெம்மேலி வீட்டுக்கு வைத்திருந்த ஆள் யார், எண் கொடுங்கள் என்றாள். வாசலில் நின்ற பன்னீர்செல்வம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நாலு பேர் கூடியிருக்கிற இடம். பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை.

சகுந்தலா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். நடந்தது ஒன்றுவிடாமல், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தன் மகள் தங்கியதையும் சொன்னாள். அந்த வாணியம்பாடிப் பெண் கேட்ட கேள்வியையும் சொன்னாள். இதையெல்லாம் இப்படி வெளியில் சொல்லலாமா, பெண் பிள்ளை விஷயமாயிற்றே என்று தனகோடி அவள் கையைப் பிடித்தாள்.

"சொல்லாம மூடிவச்சா, ஒளிஞ்சு பாத்தவன் நிம்மதியா இருப்பான், பாக்கப்பட்ட பொண்ணு தலைகுனிஞ்சு திரியும். அவன்தான் வெக்கப்படணும், என் பொண்ணு இல்ல," என்றாள் சகுந்தலா. "வீட்டை நாள் வாடகைக்கு விடு, மாச வாடகைக்கு விடு, அது உன் இஷ்டம் தனகோடி. ஆனா சாவிய வாங்குறவன் முகத்தைப் பாக்காம விடாத. உன் கூரைக்குக் கீழ படுக்கிறவ எவளா இருந்தாலும், அவ உன் பொண்ணுன்னு நெனச்சுக்கோ. நான் என் பொண்ணும் படுத்தது தெரிஞ்சப்புறம்தான் நெனச்சேன்."